பம்ப் நின்றபின் 40 வினாடி: சுங்கை காடுட் கல் பட்டறையில் ஒரு வேக்குவம் லிஃப்டர் நிகழ்வு

பின்னணி

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் மரக் கிடங்குகளுக்கும் அறைகலன் கூடங்களுக்கும் இடையில் கல் அறுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில் நடந்தது இது. பதினைந்து பேர் வேலை செய்யும் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சமையல் மேடைகள், அலுவலகக் கட்டடங்களின் மின்தூக்கிக் கூடங்களுக்கான சுவர்க் கற்கள் ஆகியவைதான் பெரும்பாலான வேலை. நான் அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்கள் இல்லாமல் இதை எழுதுகிறேன். வேக்குவம் லிஃப்டரை, அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடத்தால் பற்றித் தூக்கும் கருவியை, வைத்துக் கல், கண்ணாடி, இரும்புத் தகடு தூக்கும் எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

நிகழ்வில் மூன்று பேர். போர்மேன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கல் வேலை செய்தவர். கிரேனின் பட்டன் பெட்டியைப் பிடித்திருந்தவர் சிவகங்கையிலிருந்து வந்து ஒன்றரை ஆண்டு ஆன இளைஞர். தொங்கும் கல் பலகையைக் கையால் அணைத்து நடந்தவர் பங்ளாதேஷ் தொழிலாளி.

பலகைகளை ஏ-பிரேம் ரேக்கிலிருந்து (கற்களைச் சாய்த்து நிறுத்தும் தாங்கி) எடுத்து அறுக்கும் மேசைக்குக் கொண்டுபோக ஓவர்ஹெட் கிரேனில் ஒரு மின்சார வேக்குவம் லிஃப்டரை மாட்டியிருந்தார்கள். நான்கு ரப்பர் பேட், ஒவ்வொன்றும் 280 மி.மீ. விட்டம். ஒரு பம்ப், ஒரு வெற்றிடத் தொட்டி. பம்ப் நின்றாலும் காற்று திரும்பி உள்ளே போகாதபடி ஒரு தடுப்பு வால்வு. வெற்றிடத்தைக் காட்டும் மீட்டரின் ஊசி பச்சையில் நின்றால் தூக்கலாம், வெற்றிடம் −60 கிலோபாஸ்கலுக்குக் (வெளிக்காற்றைவிட 60 கிலோபாஸ்கல் தாழ்ந்த அழுத்தம்) குறைந்தால் அலாரம் அடிக்கும். கருவியின் தட்டில் பொறித்திருந்த தூக்கு அளவு: பலகை கிடையாக இருந்தால் 700 கிலோ, நிமிர்ந்து நின்றால் 350 கிலோ.

காகிதங்கள் சரியாகவே இருந்தன. தூக்குக் கருவிகளை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தச் சோதனை நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அபாய மதிப்பீட்டுக் கோப்பும் இருந்தது. பயன்பாட்டுக் கையேடு மட்டும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சாகி அலுவலக அலமாரியில் கிடந்தது.

அன்று பிற்பகல்

வடகிழக்குப் பருவமழைக் காலம். மதியம் வரை மழை. வெளியே இருந்த கருங்கல் பலகைகளில் சேறு தெறித்திருந்ததால் ரேக்கிலேயே வைத்துக் குழாயால் கழுவினார்கள். எடுக்க வேண்டிய பலகை 2.9 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், 20 மி.மீ. தடிமன். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ. அந்தக் கணக்கில் பலகையின் எடை 282 கிலோ. 350க்குள் அடங்குகிறது.

இளைஞர் பேட் பதியும் இடங்களைத் துணியால் துடைத்தார். ஆனால் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டே இருந்தது. பேட்களைப் பதித்து பம்பைப் போட்டதும் அலாரம் கொஞ்ச நேரம் அடித்து நின்றது. வெற்றிடம் ஏறும்வரை அது எப்போதுமே அடிக்கும். ஊசி பச்சைக்குப் போனது. தூக்கினார்கள்.

போர்மேன் காதில் ஒன்று பட்டது. வழக்கமாக ஊசி மேலே போனதும் பம்ப் தானாக நிற்கும், தேவைப்பட்டால் மட்டும் மறுபடி ஓடும். அன்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பலகை ஈரமாக இருப்பதால் அப்படி என்று நினைத்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, மேல தூக்காத. தரைய ஒட்டியே கொண்டு போ" என்றார். பலகை தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் நகர்ந்தது. வழக்கமாக ஒரு மீட்டருக்கு மேல் தூக்கித்தான் கொண்டுபோவார்கள், மேசை உயரத்துக்கு மறுபடி ஏற்ற வேண்டாமே என்று.

அறுக்கும் மேசைக்கு நான்கு மீட்டர் இருக்கும்போது, பக்கத்தில் கை வண்டியில் பேலட் தள்ளிவந்தவரின் சக்கரம் தரையில் கிடந்த நீட்டிப்பு வயரில் சிக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டது. பம்ப் நின்றது. கிரேனுக்கு மின்சாரம் வேறு வழியில் வருவதால் கிரேன் ஓடியது.

கண்காணிப்புக் கேமராப் பதிவில் பார்த்த நேரங்களைத் தருகிறேன். பிளக் கழன்ற 12வது வினாடியில் அலாரம் அடிக்கத் தொடங்கியது. இளைஞர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை, கிரேன் மேசையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. 16வது வினாடியில் போர்மேன் கத்துகிறார்: "இறக்கு, அங்கயே இறக்கு!" இளைஞர் நிறுத்தி, கீழ்ப் பட்டனை அழுத்துகிறார். பலகை இறங்குகிறது. கடைசி நாலு விரல் உயரம் இருக்கும்போது கல் பேட்களில் தானாகவே வழுக்குகிறது. 25வது வினாடியில் அடி விளிம்பு தரையைத் தொடுகிறது. இளைஞர் உடனே கையை எடுத்துவிட்டார். இதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் இறக்கியிருந்தால் லிஃப்டரின் எடை முழுவதும் நிற்கும் பலகை மேல் சாய்ந்து அதைத் தள்ளியிருக்கும்.

அந்த நேரத்தில் பங்ளாதேஷ் தொழிலாளி பலகையின் முகத்துக்கு எதிரே, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி நின்றார். போர்மேன் "பாய், சைடு வா, சைடு வா" என்று அவரைப் பலகையின் முனைப் பக்கம் வரச் சொன்னார். வந்துவிட்டார். பேலட் தள்ளியவர் பிளக்கை எடுத்து மறுபடி மாட்ட ஓடினார். அவரையும் போர்மேன் நிறுத்தினார், ஏனென்றால் பிளக் பாயிண்ட் பலகையின் அந்தப் பக்கம் இருந்தது. அதற்குப் போகப் பலகை விழக்கூடிய இடத்தைத்தான் தாண்ட வேண்டும்.

40வது வினாடியில் பேட்கள் விட்டன. பலகை முகங்குப்புறச் சாய்ந்து நான்கு துண்டாக உடைந்தது, தொழிலாளி முதலில் நின்ற இடத்திலேயே. லிஃப்டர் ஊசலாடி எதிர்ப்பக்கம் வந்து போனது. மூவரும் முனைப் பக்கத்தில் நின்றதால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

போர்மேன் இடத்தைக் கயிறு கட்டி மறித்தார். லிஃப்டரை யாரும் கழற்றவோ துடைக்கவோ கூடாது என்று சொன்னார். உடைந்த கல்லை அப்படியே விட்டுவைத்தார். நான் வந்து சேர்ந்தபோது பேட்களின் ஈரம்கூட மாறவில்லை. அதனால்தான் பிறகு காரணம் கண்டுபிடிக்க முடிந்தது. பட்டறைகளில் இப்படி ஏதாவது நடந்தால் முதல் காரியமாகத் தரையைக் கழுவித் துப்புரவாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் பழி வயரின் மேல் மட்டும் விழுந்திருக்கும்.

அன்று மாலை வேக்குவம் லிஃப்டரை முழுவதுமாக நிறுத்திவைப்பது என்று முதலாளி முடிவெடுத்தார். ஒரு மின்தூக்கிக் கூடத்துக்கான கல் அந்த வாரம் போயாக வேண்டும். அவருக்கு அது சுலபமான முடிவு இல்லை. வயரை மாட்டிவிட்டு வேலையைத் தொடரலாமா என்று கேட்டார். பிளக் கழன்றதும் இத்தனை சீக்கிரம் பிடி விட்டிருக்கக் கூடாது, அதற்குக் காரணம் தெரியாமல் தொட வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டார். காயம் இல்லை என்றாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தோம்.

சோதித்தபோது கண்டவை

மறுநாள் விற்பனை நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்தார். சுத்தமான, காய்ந்த இரும்புத் தகட்டில் பேட்களைப் பதித்து, ஊசி −70க்குப் போனதும் பம்பை நிறுத்தச் சொன்னோம். ஒரு நிமிடத்துக்குள் −60க்கு வந்துவிட்டது. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13155, மின்சாரம் போனாலும் சுமையை 5 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. இது அதற்கு அருகில்கூட இல்லை.

பிறகு பேட்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தோம். மூன்றாவது பேடின் உதட்டில், அதாவது ரப்பர் விளிம்பில், நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு வெட்டு. அடுத்து நான்கு பேட்களையும் அடைத்துத் தொட்டியை மட்டும் வைத்துப் பார்த்தோம். அப்போதும் ஊசி இறங்கியது. அப்படியென்றால் தடுப்பு வால்வே கசிகிறது. திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் கல் குழம்பு உறைந்திருந்தது. ஃபில்டர் அடைத்திருந்தது, தொட்டியின் அடியில் தண்ணீர்.

இந்தக் கசிவு ஒரே நாளில் வந்ததில்லை. வாரக்கணக்காகவாவது இருந்திருக்கும். யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், பம்ப் ஓடும்வரை ஊசி பச்சையிலேயே நின்றதுதான். ஓட்டை ட்யூபுக்கு விடாமல் காற்று அடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் உப்பியேதான் இருக்கும். ஊசி காட்டுவது பம்ப் எவ்வளவு உழைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். பேடும் வால்வும் எவ்வளவு பிடிக்கின்றன என்று தெரிய வேண்டுமென்றால் பம்பை நிறுத்திவிட்டு ஊசியைப் பார்க்க வேண்டும்.

ஈரம் என்ன செய்தது

இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தட்டில் பொறித்த எண்ணை நம்பித் தூக்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பேட் கல்லை இழுப்பதில்லை. வெளியே உள்ள காற்றுதான் கல்லைப் பேடோடு சேர்த்து அழுத்துகிறது. −60 கிலோபாஸ்கலில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு பேட்களின் பரப்பு சுமார் 2,460 சதுர செ.மீ. அழுத்தும் விசை மொத்தம் ஏறக்குறைய 1,500 கிலோ. பலகை கிடையாகத் தொங்கினால் இந்த விசை நேராகவே எடையைத் தாங்கும். இரண்டு மடங்கு பாதுகாப்பு வைத்தால் 750, தட்டில் 700 என்று போட்டிருக்கிறார்கள்.

பலகை நிமிர்ந்து நிற்கும்போது கதை வேறு. எடை பேடின் முகத்தை ஒட்டிக் கீழே இழுக்கிறது. அதைத் தாங்குவது உராய்வு மட்டுமே. காய்ந்த கல்லுக்கு உராய்வுக் குணகம் 0.5 என்று எடுப்பார்கள். 1,500இல் பாதி 750, அதில் பாதுகாப்புக்கு மறுபடி பாதி. 350 அப்படி வந்த எண். ஈரமான பரப்புக்கு அதே குணகம் 0.2 அல்லது 0.3 தான். நடுவில் 0.25 என்று வைத்தால் பிடிப்பு 375 கிலோ. பலகை 282 கிலோ. இரண்டு மடங்கு இருக்க வேண்டிய பாதுகாப்பு ஒன்றே கால் மடங்கு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது, ஊசி பச்சையில் இருக்கும்போதே.

இன்னொரு விதமாகப் பார்த்தால், காய்ந்திருந்தால் இந்தப் பலகை −23 கிலோபாஸ்கல் வரை இறங்கினாலும் வழுக்கியிருக்காது. ஈரத்தில் −45லேயே வழுக்கத் தொடங்கும். அலாரம் அடிப்பது −60இல். நடுவில் கிடைக்கும் அவகாசம் எத்தனை குறைவு என்று பாருங்கள். கேமராவில் கல் வழுக்கியது அலாரம் அடித்த பத்துப் பன்னிரண்டு வினாடிகளில்.

மேசைக்கே கொண்டுபோயிருந்தால்? அந்தக் கிரேன் நிமிடத்துக்குப் பத்து மீட்டர் ஓடும். நான்கு மீட்டருக்கு 24 வினாடி, அதோடு மேசை உயரத்துக்குத் தூக்கும் நேரம். பலகை மேசையில் போய்ச் சேரும் முன்பே, அந்தரத்தில் வழுக்கியிருக்கும். அப்போது தொழிலாளி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஈரத்தையே ஒழித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. கல்லைத் தண்ணீர் விட்டு அறுப்பது சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போகாமலிருக்க. அந்தத் தண்ணீர் தேவை. அதனால் ஈரக் கல்லோடு வாழ்வது எப்படி என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

இளைஞர் ஏன் உடனே இறக்கவில்லை

மூன்று பேரோடும் தனித்தனியாகப் பேசினேன். இளைஞர் இரண்டு காரணம் சொன்னார். அலாரம் ஒவ்வொரு தடவை பேட் பதிக்கும்போதும் அடிக்கிற சத்தம்தான், அதனால் முதலில் வித்தியாசமாகத் தெரியவில்லை. இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "கீழ வெச்சா முனை உடைஞ்சிடும்ணே. சம்பளத்துல புடிச்சா ஊருக்கு என்ன அனுப்புறது? எப்படியாச்சும் மேசைக்குக் கொண்டு போயிடலாம்னு நெனச்சேன்."

அந்தப் பலகையின் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். இங்குள்ள வேலை நியமனச் சட்டப்படி, சேதத்துக்காகப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஊழியருக்கு விளக்கம் தர வாய்ப்புத் தர வேண்டும். பிடிக்கும் தொகையும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவருக்கு இது தெரியாது. பட்டறையில் யாரும் சம்பளத்தைப் பிடித்ததாகவும் இல்லை. பிடிப்பார்கள் என்ற பேச்சு தங்கும் விடுதியில் காதுக்குக் காது வந்தது. அந்தப் பயம் அலாரத்தைவிடப் பலமாக இருந்தது. வால்வையும் வயரையும் சரிசெய்துவிட்டு இதை விட்டிருந்தால் பாதி வேலைதான் செய்ததாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எடுத்த முடிவுகள்

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) எல்லார் முன்னிலும் அவரே சொன்னார்: அலாரம் அடித்தால் நின்ற இடத்திலேயே இறக்க வேண்டும், கல் உடைந்தால் அது நிறுவனத்தின் செலவு, யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன். போர்மேன் அதைத் தமிழில் சொன்னார். தமிழ், சீனம், வங்காளம் மூன்றிலும் எழுதிக் கிரேன் தூணில் ஒட்டினோம். முதலாளி இளைஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விளிம்பு தொட்டதும் கையை எடுத்ததற்காகப் பாராட்டினார்.

பழைய லிஃப்டரைப் பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுவரலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. வால்வு, பேட், ஃபில்டர் மாற்றினால் அது 5 நிமிடச் சோதனையில் தேறும் என்றார் டெக்னீஷியன். ஆனால் ஒரே தொட்டி, ஒரே வால்வு. எங்கே ஒரு கசிவு வந்தாலும் நான்கு பேடும் சேர்ந்தே விடும். கட்டுமானத் தளங்களில் பயன்படுத்துவதென்றால், தனித்தனித் தடுப்பு வால்வோடு இரண்டு தொட்டி, அல்லது வெற்றிடம் போனாலும் கல்லைப் பிடித்துக்கொள்ளும் ஒரு இயந்திரப் பிடி வேண்டும் என்று அதே இஎன் 13155 கேட்கிறது. பட்டறை கட்டுமானத் தளம் இல்லைதான். ஆனால் கீழே நிற்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசியில் பேட்டரியில் ஓடும் இரட்டைச் சுற்று லிஃப்டர் (தனித்தனித் தொட்டி, வால்வு கொண்டது) வாங்கினார்கள். தரையில் வயரே இல்லை. அது வரும்வரை பலகைகள் கல் கிளாம்பில் (விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பிடி) போயின. அதற்கும் தனி அபாயங்கள் உண்டு என்பதால் போர்மேன் மட்டுமே அதை மாட்டினார்.

தினசரி வேலையில் வந்த மாற்றங்களில் முக்கியமானது காலைச் சோதனை. ஷிஃப்ட் தொடங்கும் முன் இரும்புத் தகட்டில் பேட்களைப் பதித்து, பம்பை நிறுத்தி, 5 நிமிடம் ஊசியைப் பார்த்து, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதுகிறார்கள். வெறும் டிக் போடும் தாள் வேண்டாம் என்று வற்புறுத்தினேன். எண்ணை எழுதினால்தான் வாரத்துக்கு வாரம் கூடும் கசிவு கண்ணில் படும். அப்போதே பேட் உதடுகளை விரலால் தடவுவதும் தொட்டித் தண்ணீரை வடிப்பதும் முடிந்துவிடும்.

கழுவிய பலகை ரப்பர் வைப்பரால் இழுத்து, மேல் விளிம்பு துடைத்து, வழிதல் நின்ற பிறகே எடுக்கப்படுகிறது. ஈரம் போகவில்லை என்றால் தட்டு எண்ணில் பாதிதான் அனுமதி. தரையை விட்டு ஒரு கை உயரம் தூக்கி, அப்படியே நிறுத்தி, பம்ப் தானாக நிற்கிறதா என்று கேட்ட பிறகே நகர வேண்டும். நிற்காவிட்டால் இறக்கி வைக்க வேண்டும். போகும் வழியெல்லாம் தாழ்வாகத்தான். பலகையைக் கையால் பிடிப்பது நின்றுவிட்டது. இரண்டு முனையிலும் கயிறு, ஆட்கள் முனைப் பக்கம், முகத்துக்கு எதிரே யாரும் இல்லை. வழித்தடத்தில் மஞ்சள் கோடு, கிரேன் நகரும்போது கை வண்டிகள் அதற்குள் வரக் கூடாது.

அப்புறம் நடந்தது

முதல் வாரங்களில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு பலகைக்கு ஆகும் நேரம் கூடியது, கல் காயக் காத்திருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. போர்மேன் கழுவும் இடத்தையே மாற்றி, முதல் நாள் மாலையில் கழுவி இரவில் காயவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு அது அடங்கியது. அது முழுக்க அவருடைய யோசனை.

புதிய லிஃப்டர் வந்து சில மாதங்களில், காலைப் பதிவேட்டில் ஒரு சுற்றின் முடிவு எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அந்தப் பங்ளாதேஷ் தொழிலாளி கவனித்து இளைஞரிடம் காட்டியிருக்கிறார். இருவரும் சேர்ந்து பேட்களைத் தடவி, ஒன்றில் விரிசலைக் கண்டு, அன்று காலை தூக்குவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி அன்றைய தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது மிகுந்த நிறைவைத் தந்தது.

அலாரம் அடித்து நின்ற இடத்திலேயே இறக்கியதும் ஒருமுறை நடந்தது. பலகையின் மூலை கொஞ்சம் உடைந்தது. அந்தத் துண்டைச் சிறிய மேடைக்கு வெட்டிக்கொண்டார்கள்.

இன்னும் மாற்ற வேண்டியவை

பேட் பதிக்கும்போது அடிக்கும் சத்தமும் ஆபத்தின்போது அடிக்கும் சத்தமும் புதிய கருவியிலும் ஒன்றுதான். இரண்டையும் வேறாக்க முடியுமா என்று விற்பனை நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். பட்டறை தன் அபாய மதிப்பீட்டில் எடையை மட்டும் எழுதியிருந்தது. இப்போது பரப்பு எப்படி இருக்கிறது என்ற வரியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல் வகைக்கும் தனி அளவு இன்னும் எழுதி முடிக்கவில்லை. பின்புறம் நார் வலை ஒட்டிய பளிங்கு, துளைகள் உள்ள டிராவர்டைன், தோல் போலச் சொரசொரப்பாக முடித்த கருங்கல் ஆகியவற்றில் சாதாரண ரப்பர் உதடு சரியாகப் பதிவதில்லை. பம்ப் ஓயாமல் ஓடுகிறது. மென்மையான நுரை விளிம்பு வைத்த பேட்களை வரவழைத்து, ஒவ்வொரு வகைக் கல்லிலும் 5 நிமிடச் சோதனை வைத்துப் பார்க்கப் போகிறோம். அதுவரை அந்தக் கற்கள் கிளாம்பில்தான் போகின்றன.